செஞ்சியினின்று சமர்க்கந்துக்கு

நம் கல்லூரியிற் பணிபுரிந்து ஓய்வு பெற்றோரும், இங்குப் பயின்று அரசாங்க அலுவல்களில் அமர்ந்து ஓய்வு பெற்றோரும் ஒன்றுகூடி நடத்தும் சிறு குழுவொன்று உண்டென்பதை இம்மலரைப் படிப்போர் பலரும் அறிவர். அக்குழுவினருள் பன்னிருவர் 2025-ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில் பாரசீகப் பண்பாடு தழைத்த நாடொன்றைக் கண்டு மீண்டோம். இப்பொழுது இரண்டாவது கூட்டம் ஒன்று புறப்பட ஆயத்தமாகி, போகலாமா, போவதாயின் எவ்வாறு போதல் வேண்டும் என்று எம்மை வினவியது. வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கிய விடை இரண்டு மாலைப்பொழுதுகள் நீண்டும் முடிந்தபாடில்லை. ஆதலின் ஈண்டு எழுதலானோம்.

எம்மைக் கண்டு மாணவ நண்பர் சிலர் நகைப்பதை யாம் அறியாமலில்லை. அறுபது கடந்தவருக்குக் காசி உண்டு, எருசலேம் உண்டு, மக்கா உண்டு. அவரவர் சமயத்துக்கேற்ற திருத்தலம் இருக்க, தொழுதற்கு ஒன்றுமில்லாத ஊருக்கு முழங்கால் வலியையும் மருந்துப் பெட்டியையும் சுமந்துகொண்டு போவானேன் என்பது அவர் கேள்வி. பிள்ளைகள் சிலரும் தம் தந்தையர் ஓய்வூதியத்தை இவ்வாறு கரைத்தல் தகுமோ என்று கேட்டனர். கேள்வி நேரியதே. நான்கு மாத ஓய்வூதியம் இப்பயணத்துக்குச் சரியாயிற்று. எனினும் ஒன்று கூறுவோம். எம்முள் ஒருவர் வரலாற்றாசிரியர். தைமூர் என்னும் பெயரை முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி அழித்தவர். 1405-இல் மாண்ட அவ்வரசன் உறங்கும் கல்லறையின் முன், சமர்க்கந்தில், அவர் வந்து நின்றபோது ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் மாட்டிக்கொண்டு, மீண்டும் கழற்றித் துடைத்தார். நான்கு மாத ஓய்வூதியம் அவருக்கு வீண்செலவென்று எவரேனும் கூறின், அவரோடு வழக்காட எமக்கு மனமில்லை.

முதலில் எம் உள்ளம் நாடியது பாரசீகமே, அஃதாவது இன்றைய ஈரான். பெர்செபோலிசின் படிக்கட்டுச் சிற்பங்களையும், ஷிராசின் பூங்காக்களையும், இஸ்பகானின் நீலக் கவிகைகளையும் காணவேண்டுமென்பதே குழுவின் விருப்பம். 2025 ஜூன் திங்களில் அந்நாட்டின்மீது போர் மூண்டு, பன்னிரண்டு நாள் குண்டு பொழிந்த பின்னர், முதியோர் பன்னிருவரை அத்திசைக்கு அழைத்துச் செல்லும் துணிவு எவருக்கும் இல்லையாயிற்று. ஆதலின் உஸ்பெகிஸ்தானைத் தேர்ந்தோம். அந்நாட்டின் ஆட்சிமொழியாகிய உஸ்பெக்கு துருக்கிய இனத்தது. ஆயினும் சமர்க்கந்திலும் புகாராவிலும் வீட்டுமொழியாக இன்றும் பலர் வழங்குவது தாஜிக்கு. அது பாரசீகத்தின் ஒரு கிளை. பாரசீக இலக்கியம் தளிர்த்த பழைய நிலங்களுள் புகாரா ஒன்று. மருத்துவ நூலாசிரியர் இப்னு சீனா 980-ஆம் ஆண்டளவில் பிறந்ததும் அதன் அருகிலேயே. பாரசீகத்தைக் காணப் பாரசீகத்துக்கே போதல் வேண்டுமென்னும் நியதி இல்லை. இக்கருத்து வேறொரு வகையில் எம்மைப் பின்னர் நாணுறச் செய்தது. அதனைப் பிறகு கூறுவோம்.

பயணத்தின் குறையை மறைத்தல் நேர்மையன்று. எட்டு நாள், ஐந்து ஊர்கள். எம்மை அழைத்துச் சென்ற முகவர் நாளொன்றுக்கு ஏழெட்டு இடங்களை அட்டவணையில் நிரப்பியிருந்தார். சிறு கொடியொன்றை உயர்த்திப் பிடித்து வழிகாட்டி முன்னே ஓட, வழிபாட்டுக்கு நேரமாயிற்றென்று விரையும் பாட்டிமாரைப்போல் யாம் பின்னே ஓடினோம். சமர்க்கந்தின் இரேகிஸ்தான் சதுக்கத்தில் மூன்று பெருங் கல்விக்கூடங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. முதலாவது உலூக் பேகு என்னும் அரசனால் 1417-க்கும் 1420-க்கும் இடையில் எடுக்கப்பட்டது. இரண்டாவது 1619-இல் தொடங்கி 1636-இல் முடிந்தது. மூன்றாவது 1646-இல் தொடங்கி 1660-இல் முடிந்தது. இரண்டரை நூற்றாண்டை நாற்பது நிமிடத்தில் கண்டு தீர்த்தோம். அதே நாள் பிற்பகல், உலர்ந்த பழங்களும் பட்டுச் சால்வைகளும் விற்கும் கடையொன்றில் எம்மை இரண்டு மணி நேரம் அமரவைத்தனர். எம் பௌதிக ஆசிரியர் ஒருவர், உலூக் பேகின் வானாராய்ச்சிக் கூடத்தைக் காணவே வந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைக் கணித்து 1437-இல் அட்டவணை செய்த இடம் அது. மண்ணில் மறைந்துபோன அதன் பெரிய வில்வடிவக் கருவியின் அடிப்பகுதியை 1908-இல் அகழ்ந்து கண்டனர். அங்கே அவருக்குக் கிடைத்தது கால்மணி நேரம். அவர் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

முகவர்மேற் பழிசுமத்தி யாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. குறையிற் பெரும்பகுதி எம்முடையதே. புறப்படுமுன் கம்பளிச் சட்டை பற்றியும், ஊறுகாய் பற்றியும், இரத்த அழுத்த மாத்திரை பற்றியும் மூன்று கூட்டங்கள் நடத்தினோம். காணப்போகும் பொருள் பற்றி ஒரு கூட்டமேனும் நடத்தினோமில்லை. கதவின்மேல் எழுதியிருந்த எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென்றுகூட அறியாத கற்றறிந்தோர் பன்னிருவராய் அங்கே நின்றோம்.

நல்ல பொழுதொன்றும் வாய்த்தது; அது அட்டவணையில் இல்லாதது. புகாராவில் எம் வண்டி பழுதுற்றது. மாற்று வண்டி வருமட்டும் லப்-இ-ஹவுஸ் என்னும் குளக்கரையில் அமர்ந்திருக்கும்படி ஆயிற்று. அப்பெயருக்குக் குளத்தின் விளிம்பு என்பதே பொருள். 1620-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டிய குளம், நாற்புறமும் கற்படிகள், கரையில் முதிய முசுக்கட்டை மரங்கள், சற்றப்பால் கழுதைமேல் அமர்ந்த முல்லா நஸ்ருதீன் சிலை. கோயிற் குளக்கரையில் வளர்ந்தவர்க்கு அவ்விடம் அயலூராகத் தோன்றுமா? எம் வயதினரான உள்ளூர்ப் பெரியவர் நால்வர் தேநீர் பருகிக்கொண்டிருந்தனர். அவர் மொழி எமக்குத் தெரியாது. எம் மொழி அவருக்குத் தெரியாது. எம்முள் ஒருவர் தட்டிலிருந்த பருப்பைக் காட்டிப் பிஸ்தா என்றார். அவரும் பிஸ்தா என்றார். பாதாம் என்றோம், போதோம் என்றார். பஜார் என்றோம், போசோர் என்றார். மைதானம் என்றபோது மைதோன் என்று கைதட்டிச் சிரித்தார். நான் என்னும் அப்பத்தை அவர் நோன் என்றார். இவ்வாறு பதினொரு சொற்கள் சேர்ந்தன. ஆகாரத்தை அவர் ஓகாரமாக ஒலிக்கின்றனர் என்பதை அங்கேதான் கண்டுகொண்டோம். வண்டி வந்தபோது எழுந்திருக்க எவருக்கும் விருப்பமில்லை.

ஊர் திரும்பியபின், தை மாதத்தில் ஒரு நாள், பயணத்தைப் பற்றிக் கல்லூரியில் ஒரு சிறு கூட்டத்திற் பேசினோம். கூட்டத்தின் கடைசி வரிசையில், நம் கல்லூரியில் முப்பத்தாறு ஆண்டுகள் மணியடித்தும் ஆய்வுக்கூடத்தைத் துடைத்தும் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "ஐயா, அடுத்த தடவை போகிறபோது யானும் வரலாமோ? அதற்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். தொகையைச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமற் சிரித்தார். பிறகு, "அவ்வளவு தொலைவு போய்வந்தீர்களே, செஞ்சி பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அந்தப் பக்கம்தான் ஊர். சீயமங்கலம்" என்றார். எம்முள் எழுவர் செஞ்சியைப் பேருந்திற் கடந்து போகையில் சன்னல் வழியே கண்டதன்றி, இறங்கிப் பார்த்தவரல்லர்.

அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டோம். இம்முறை வழிகாட்டி அப்பெரியவரே, கொடியில்லை, அட்டவணையில்லை.

சீயமங்கலம் செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சிற்றூர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்குள்ள பாறையைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயிலாக்கினான். அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் அதன் பெயரைத் தூணிற் பொறித்த எழுத்தே கூறுகின்றது. அரைத்தூணொன்றின் மேற்பகுதியில் ஆடும் பெருமானைச் சிறிய வடிவிற் செதுக்கியுள்ளனர். தமிழகத்திற் கல்லிற் செதுக்கிய ஆடல்வல்லான் வடிவங்களுள் மிகப் பழையனவற்றுள் அஃதொன்று. பாறைக்குப் பின்புறம் ஏரி. அப்பாறையில் உளி ஒலித்துக்கொண்டிருந்த நாளில் பாரசீகத்தில் அரசிருந்தவன் இரண்டாம் குஸ்ரு. அவன் ஆட்சி 590 முதல் 628 வரை. இந்திய மன்னன் ஒருவன் அவனுக்குக் கடிதமும் கையுறையும் விடுத்தானென்று தபரி என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அம்மன்னன் மகேந்திரனோடு போரிட்ட சளுக்கிய வேந்தன் புலிகேசியே எனச் சிலர் கொள்வர். வேறு சிலர் மறுப்பர். எவனாயினும், அந்நாளிலும் இத்திசைக்கும் அத்திசைக்கும் தூதுவழி திறந்திருந்தது.

ஊர்ப்பெயரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. சீயம் என்பது சிங்கத்துக்குப் பழந்தமிழ் வழங்கும் பெயர். இவ்வூர்க் காடுகளில் சிங்கம் திரிந்ததில்லையே என்று பெரியவரின் பேரன் கேட்டான். விலங்கியல் ஆசிரியர் விடை கூறினார்: "தம்பி, குஜராத்தின் கிர்க் காட்டில் எஞ்சியிருக்கும் சிங்கத்துக்கு அறிவியலார் முதலில் இட்ட பெயரே பாரசீகச் சிங்கம் என்பதுதான். முற்காலத்தில் அவ்வினம் பாரசீகத்திலும் இருந்தது. இன்று அங்கே இல்லை." அப்போது, அதுகாறும் வாளாவிருந்த எம் பழைய மாணவர், தாசில்தாராய் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியிற் கையை வைத்துக்கொண்டு, "சேர்-தோர்!" என்றார்.

சமர்க்கந்துச் சதுக்கத்தின் இரண்டாவது கல்விக்கூடத்தின் பெயர் அது. அதன் முகப்பு வளைவின் இருபுறமும், முதுகிற் கதிரவனைத் தாங்கிய வரிச்சிங்கங்கள் மானைத் துரத்துவதுபோல் வண்ண ஓடுகளால் அமைத்துள்ளனர். வழிகாட்டி ஓடிக்கொண்டே அப்பெயரைச் சொன்னார். யாமும் ஓடிக்கொண்டே கேட்டோம். சேர் என்பது சிங்கம். தோர் என்பது யாது? ஆகாரத்தை ஓகாரமாக ஒலிப்பர் என்று புகாராக் குளக்கரையில் அறிந்தோமல்லவா? அவ்வோகாரத்தை ஆகாரமாக்கினால் தோர் தார் ஆகும். சேர்-தார்: சிங்கத்தை உடையது. தாசில்தார் என்னும் சொல்லின் ஈற்றில் நிற்பதும் அத் தாரே. தாசில் என்பது தண்டுதல். தார் என்பது உடையவர். சிரஸ்தார், ஜமீன்தார், கோட்டைக்குத் தலைவனாகிய கில்லேதார் ஆகிய எல்லாவற்றிலும் அதுவே. "இருபத்தொன்பது ஆண்டு ஒவ்வொரு நாளும் இந்தச் சொல்லின்கீழ்க் கையெழுத்திட்டேன், அதன் பொருளை இந்த ஏரிக்கரையில் அறிகிறேன்" என்றார் அவர்.

அதன்பின் எம்மைத் தடுப்பாரில்லை. ஜமீன் என்றால் நிலம். ரசீது என்றால் வந்து சேர்ந்தது. சுமார் என்றால் எண்ணிக்கை. தஸ்தாவேஜுவில் முன்னிற்கும் தஸ்து என்பது கை. குமாஸ்தா, சிபாரிசு, பந்தோபஸ்து, சராசரி, சர்க்கார் எனப் பாரசீகச் சொற்கள் வரிசையாக வந்தன. அரபினின்று பாரசீகத்தார் ஏற்று, அவர் வழியே நம்மை அடைந்தனவும் பல. பசலி அத்தகையது. அறுவடையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த அவ்வாண்டுக்கணக்கு அக்பர் காலத்தில் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் ஜூலை முதல் நாள் தொடங்குவது. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் அப்போது பிறக்கும் பசலி கிடைக்கும். 2025 ஜூலை முதல் நாளிற் பிறந்தது 1435-ஆம் பசலி. எம் வழிகாட்டியாகிய பெரியவர் இக்கழித்தலை அறியார். ஆயினும் தம் தந்தை நிலம் வாங்கிய பசலியைத் தயங்காமற் சொன்னார். நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பாரசீகம் கட்டாயமாதல் வேண்டாமென்று கம்பெனியார் சட்டஞ் செய்தது 1837-இல். கிராமக் கணக்கு அச்சட்டத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நண்பகலுக்குமேல் செஞ்சியை அடைந்தோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த அக்கோட்டையை யாம் விரித்துரைக்கப் புகவில்லை, 1943-இல் சி. எஸ். ஸ்ரீநிவாஸாசாரியார் எழுதிய செஞ்சி வரலாற்றை நம் மாணவர் படித்தல் நன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மன்றத்தார் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. பெருமைதான். ஆயினும் மராட்டியர் என்னும் ஒரு பெயரால் அக்கற்கள் அனைத்தையும் அழைத்துவிட இயலாது. நாயக்கரிடமிருந்து பீஜப்பூர்ச் சுல்தானின் படையினர் 1649-இல் கைப்பற்றினர். அஃது அரசவையிற் பாரசீகம் வழங்கிய நாடு. சமர்க்கந்தில் மூன்றாவது கல்விக்கூடத்துக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்த அதே காலம் அது. 1677-இல் சிவாஜி கைக்கொண்டார். அவர் மைந்தர் இராஜாராம் இங்குத் தங்கியிருந்தபோது ஒளரங்கசீப்பின் படை 1690-இல் வந்து முற்றுகையிட்டது. ஒளரங்கசீப்பு யார்? ஆந்திஜானிற் பிறந்து, பதின்மூன்று பதினான்கு வயதிற் சமர்க்கந்தைப் பிடித்து, பிடித்தவுடன் இழந்து, வாழ்நாள் முழுதும் அதற்கு ஏங்கிய பாபரின் வழியில் ஆறாவது அரசன். பாபரோ தைமூரின் வழியினன். எம் வரலாற்றாசிரியர் கண்ணாடியைத் துடைத்த அக்கல்லறையினின்று புறப்பட்ட நூலின் மறுமுனை செஞ்சி மதிலிலே முடிந்திருக்கின்றது. படைத்தலைவன் சுல்பிகார் கானும் ஈரானினின்று குடியேறிய மரபினன். அவன் தந்தை ஆசத் கானின் பெயருக்குப் பொருள், அரபு மொழியில், சிங்கம். மூன்றாவது சிங்கம் என்று சிறுவன் விரல் மடக்கினான்.

முற்றுகை ஏழாண்டுக்கு மேல் நீண்டு 1698-இல் முடிந்தது. அப்படையில் தளபத் ராவ் புந்தேலாவின் கீழ் எழுத்தராய் இருந்த பீம்சேன் என்பவர், தாம் கண்டவற்றைப் பாரசீக மொழியில் நூலாக எழுதினார். நுஸ்கா-இ-தில்குஷா என்பது அதன் பெயர். கர்நாடகத்தின் கோயில்களையும், ஊர்களையும், மக்கள் வழக்கங்களையும் வடநாட்டு இந்து ஒருவர் பாரசீகத்தில் எழுதிவைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். பாரசீகம் என்றால் ஒரு சமயத்தார் மொழி என்று நினைப்போர் செஞ்சிக்கு வந்து அந்நினைவை விட்டுப் போகலாம். சென்னைப் பரங்கிமலைக் கோயிலில், 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்தும் பழம்பாரசீகத்தின் வழிவந்த பகலவி மொழியினதே. இந்தியாவிற் குருவாயிருந்த ஹென்றி மார்ட்டின் 1811-இல் ஷிராசுக்குச் சென்று புதிய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் ஆக்கியதை நம் கல்லூரியில் அறியாதார் இலர். செஞ்சிக்கும் அதற்கும் தொடர்பு ஒன்றுமில்லை. நினைவுக்கு வந்தமையாற் கூறினோம்.

இராஜகிரி சுமார் எண்ணூறு அடி உயரம். (சுமார் என்று எழுதும்போது இப்பொழுது கை சற்றே நிற்கின்றது.) எழுவரில் நால்வரே ஏறினோம். உச்சிக்கு அருகிலுள்ள பிளவையும், அதன்மேலிட்ட பாலத்தையும், இரங்கநாதர் கோயிலையும் கண்டு இறங்கினோம். முழங்கால் ஒத்துழையாத மூவர், தாசில்தார் உட்பட, அடிவாரத்திலிருந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் நிழலில் அமர்ந்திருந்தனர். தேசிங்கு ராஜன் 1714-இல் ஆர்க்காட்டுப் படையோடு பொருது மடிந்தபின், அப்படைக்கு உரிய நவாபு சாதத்துல்லா கான் பெயரால் 1717-18-இல் எடுத்த பள்ளிவாசல் அது. பாரசீகக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. மலையேறினவர் கண்டதினும் அமர்ந்திருந்தவர் கண்டது மிகுதி என்பதை இறங்கியபின் அறிந்தோம்.

செஞ்சி நகரத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்ட வந்தவர், அங்கே நின்றாராம். தாசில்தார், "பாய், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று வேண்டினார். அவர் தயங்கி, "எழுத்து குர்ஆன் எழுத்துத்தான், ஐயா, ஆனால் மொழி வேறு. எழுத்தைக் கூட்டினால் ஓசை வரும், பொருள் எனக்கு வராது" என்றார். கூட்டினார். அவர் ஒவ்வோர் எழுத்தாய் ஒலிக்க, இவர் தம் அலுவலகச் சொற்களுள் ஏதேனும் அதில் ஒளிந்திருக்குமோ என்று செவிசாய்த்திருந்தார். ஒருவருக்கு எழுத்துத் தெரியும், சொல் தெரியாது. மற்றவருக்குச் சொல் தெரியும், எழுத்துத் தெரியாது. கல்லும் தேய்ந்திருந்தது. ஒரு நாழிகை முயன்றும் இரண்டு மூன்று சொற்களே பழகினவைபோற் செவியிற் பட்டன, அவையும் உறுதியில்லை. யாம் இறங்கி வந்தபோது, தம்மைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நிலக்கடலை தின்றுகொண்டிருக்க, முதியோர் இருவரும் கழுத்து வலிக்க மேல்நோக்கி நின்றிருந்த காட்சியை எம்மால் மறக்க முடியவில்லை. சமர்க்கந்துக் கதவுகளின்கீழ் யாம் பன்னிருவர் நின்ற நிலைக்கும் இதற்கும் எத்துணை வேற்றுமை! அங்கே அறியாமையோடு நின்றோம். அது எம்மை வருத்தவில்லை. இங்கே அது வருத்திற்று.

இனி எம் கருத்தைக் கூறுவோம். இரண்டாம் கூட்டத்தார் போகத்தான் வேண்டும். செஞ்சியிலேயே எல்லாம் இருக்கச் சமர்க்கந்து எதற்கென்று ஒருவர் எம்மிடம் கேட்டார். அது சோம்பலின் வாதம். புகாராக் குளக்கரையில் அம்முதியவரின் வாயினின்று ஓகாரத்தைக் கேளாதிருந்தால், சீயமங்கலத்தில் எமக்குச் சிங்கம் புலப்பட்டிராது. ஆனால் வரிசையை மாற்றுக என்கின்றோம். யாம் பின்னே செய்ததை அவர்கள் முன்னே செய்யட்டும். சீயமங்கலமும் செஞ்சியும் முதல் நாள்; பரங்கிமலை மற்றொரு நாள். பின்னர் மூன்று திங்கள் பாரசீக எழுத்தைப் பயிலுக. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பாரசீகம் கற்பிக்கும் துறை பல்லாண்டுகளாக உண்டு. அங்குப் பயின்றோர் ஒருவரைத் திங்களுக்கு இருமுறை வரவழைத்தல் அரிதன்று. முதுமையிற் புதிய எழுத்து ஏறாது என்பர், பேரனுக்குத் தமிழ் அகரமும் ஆங்கில எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் பொறுமை உடையவருக்கு முப்பத்திரண்டு எழுத்து ஒரு மலையன்று, இராஜகிரியினும் எளிது.

ஊர்கள் ஐந்து வேண்டா; சமர்க்கந்தும் புகாராவும் போதும். தாஷ்கந்தில் இறங்குவோர், 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரியார் உயிர்நீத்த நகரம் அதுவென்பதை நினைந்து அவர் சிலையைக் கண்டு செல்லலாம். அதற்கு ஒரு காலைப்பொழுது போதுமானது. மிஞ்சும் நாள்களை ஒரே சதுக்கத்தில் காலையும் மாலையும் அமர்ந்து கழியுங்கள். முதியோருக்கு விரைவு ஆகாது. அவர்க்கு வாய்த்த பெருஞ்செல்வம் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் ஆற்றல். அதனையும் நாற்பது நிமிடமாக நறுக்கிக் கொடுப்பவரிடம் பணம் கட்ட வேண்டா.

மற்றொன்று சொல்ல நாணமாக உள்ளது, ஆயினும் சொல்லுவோம். சென்ற கூட்டத்தில் பன்னிருவரும் பேராசிரியரும் அலுவலருமே. நூலகத்திற் புத்தகம் எடுத்துக் கொடுத்தவரும், தோட்டம் காத்தவரும், மணியடித்தவரும் இதே கல்லூரியினின்றுதான் ஓய்வு பெற்றனர். அவரை எவரும் வேண்டாமென்று சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. செஞ்சிக்குப் பேருந்துக் கட்டணமே செலவாதலின் அவர் வந்தார். அவர் வந்தமையால் யாம் சீயமங்கலம் கண்டோம். இரண்டாம் கூட்டத்தில் போவோர் பன்னிருவரும் தத்தம் செலவோடு பன்னிரண்டில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் பதின்மூன்றாமவர் ஒருவர் போகலாம். கணக்கு எளியது. இதனைத் தருமமென்று எவரும் பெயரிட வேண்டா. எம் அனுபவத்தில், அக்கூட்டத்துக்கு நல்ல வழிகாட்டி ஒருவர் குறைந்த செலவிற் கிடைத்தாரென்று கொள்ளலாம்.

எழுத்து வகுப்பு சித்திரைத் திங்கள் முதற் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நூலக மேல்மாடியில் தொடங்கும். படி ஏற இயலாதவருக்குக் கீழறை உண்டு. இதுகாறும் ஒன்பது பெயர் சேர்ந்துள்ளது. செஞ்சிப் பெரியவரும் பொருள் கற்க வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். தாசில்தார் அதுவரை பொறுத்திருக்கவில்லை. தார் என்னும் சொல்லுக்குத் தால், அலிப், ரே என்னும் மூன்றே எழுத்து என்றும், மூன்றும் பின்வரும் எழுத்தோடு கைகோவாமல் தனித்தனியே நிற்பனவாதலின் கை நடுங்குவோரும் எழுதலாம் என்றும் எங்கோ கேட்டறிந்து வந்தார். ஓய்வூதியச் சீட்டின் பின்புறம், வலமிருந்து இடமாக அம்மூன்றையும் எழுதி, மணியடித்த பெரியவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அச்சீட்டைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் சிங்கம் எங்கே இருக்கிறது, ஐயா?" என்றார்.